கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்: மஞ்சேரி மும்முறை அனுப்பிய தமிழர்

நம் சங்கத்தின் முன்னோர் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம், பேட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ரஜூலா கப்பலில் வந்திறங்கிய அந்தத் தலைமுறையினரின் பேச்சில் அடிக்கடி வரும் பெயர் காயிதே மில்லத். தொப்பி, வெண்தாடி, நீண்ட கோட்டு என்று அவர்களுடைய படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு முகம் தெரியும். சென்னைக்குப் போய் வந்தவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் காயிதே மில்லத் சாலையும், அண்ணா சாலையில் அவர்கள் பெயரிலுள்ள அரசு மகளிர் கல்லூரியும் தெரியும். 1991இல் பிரிக்கப்பட்ட நாகை மாவட்டத்துக்குக்கூடச் சில ஆண்டுகள் அவர்கள் பெயர் இருந்ததை நாகூர்க்காரர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் இளையவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் முதலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும், பிறகு இந்திய அரசியல் நிர்ணய சபையிலும், மாநிலங்களவையிலும், கடைசிப் பத்தாண்டுகள் மக்களவையிலும் இருந்தவர்கள். சட்டமன்றங்களில் பேசிய பேச்சுகளைவிட அவர்கள் நின்ற தேர்தல்களைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப்போகிறேன். எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் ஒரு நாட்டில் சிறு தொகையினரான ஒரு சமுதாயம் தன் பெயரிலேயே பேச முடியுமா என்ற கேள்விக்கு அவர்களுக்கு விடை கிடைத்தது வாக்குப் பெட்டியில்தான். அந்த விடை கிடைத்ததும் தமிழ்நாட்டில் அன்று, மலையாள மண்ணில்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் துணி வணிகர், மார்க்கக் கல்வி உடையவர். பள்ளிக்குப் போகும் வயதிலேயே 1909இல் தம் ஊரில் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள் என்பதைச் சங்கம் நடத்தும் நாம் கொஞ்சம் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம். பிறகு கல்லூரிப் படிப்பு. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பி.ஏ. தேர்வு எழுதாமல் வெளியேறினார்கள். அதன்பின் சென்னையில் ஜமால் முஹம்மது அவர்களின் தோல் வணிக நிறுவனத்தில் சேர்ந்து, அந்தத் தொழிலில் பெயர் பெற்றார்கள். அந்தக் குடும்பத்திலேயே திருமணமும் நடந்தது. தோல் மண்டியின் கணக்குவழக்கு பழகியவர் என்பதால்தானோ என்னவோ, அரசியலிலும் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார்கள். அடுத்த ஆண்டு நடந்த மாகாணத் தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸ் 163 இடங்களைப் பிடித்தது. லீகுக்கு 28 இடங்கள். இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று முதலமைச்சர்கள் மாறினார்கள். எதிர்வரிசையின் முதல் நாற்காலி மட்டும் மாறவில்லை.

அந்த 28 இடங்கள் எப்படி வந்தன என்பதைப் புரிந்துகொண்டால்தான் மேலே உள்ளதெல்லாம் விளங்கும். அப்போது தனித்தொகுதி முறை இருந்தது. முஸ்லிம்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1909 முதல் நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்வதானால், இங்கே 1988இல் வந்த குழுத்தொகுதி முறையில் அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும்; ஆனால் எல்லா இனத்து வாக்காளர்களும் அந்த அணிக்குச் சேர்ந்தே வாக்களிக்கிறார்கள். தனித்தொகுதியில் அந்தச் சேர்க்கை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் இந்திய அரசியல் நிர்ணய சபை மாதக்கணக்கில் விவாதித்தது.

அதற்குள் நாடு இரண்டாகிவிட்டது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இனி இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என்று முடிவு செய்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர், இந்தியாவுக்கு இஸ்மாயில் சாகிப். கராச்சியில் பதவியோடு தங்கிவிடும் வாய்ப்பு இருந்த பலரும் அங்கேயே தங்கினார்கள். நம் பேட்டைக்காரர் சென்னைக்குத் திரும்பினார்கள். கையில் கிடைத்ததோ பழி சுமந்த ஒரு பெயர். லீகைக் கலைத்துவிடுங்கள் என்று வெளியார் சொன்னார்கள். லீகில் இருந்தவர்களே பலர் சொன்னார்கள். வடநாட்டில் பெரிய தலைவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1948 மார்ச் 10ஆம் நாள், பின்னாளில் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்ற சென்னை அரசினர் விருந்து மண்டபத்தில் கவுன்சில் கூடியது. வந்தவர்கள் சிலரே. கலைப்பதா, தொடர்வதா என்று பேசி, தொடர்வது என்றே முடிவு செய்தார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. தலைவர் இஸ்மாயில் சாகிப். பெட்டியில் பணமும் இல்லை, வடக்கில் கிளையும் இல்லை. அப்போது அவர்கள் எடுத்த முடிவு சரிதானா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அன்றைய பயத்தில் வாயடைத்துப் போயிருந்த ஒரு மக்களுக்குச் சட்டப்படி பேச ஓர் இடம் வேண்டியிருந்தது என்பது என் எண்ணம். அந்த இடம் மூடப்பட்டிருந்தால் அதைத் திரும்பத் திறக்க எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

அரசியல் நிர்ணய சபையில் சென்னையிலிருந்து சென்ற லீகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இஸ்மாயில் சாகிப், பி. போக்கர் சாகிப், மஹ்பூப் அலி பேக், கே.டி.எம். அஹ்மது இப்ராஹிம் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 1948 நவம்பர் 23ஆம் நாள் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு வந்தபோது, எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவு நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாத வழிகாட்டு நெறிகளிலேயே நின்றது. எதிர்கால நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் செய்தாலும் விரும்பி ஏற்பவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கமளிக்கவும் இந்த விவாதம் காரணமாயிற்று.

1949 மே மாதம் தேர்தல் முறை பற்றிய விவாதம். தனித்தொகுதி வேண்டும் என்ற திருத்தத்தை அவர்கள் முன்வைத்தார்கள். சபை முழுவதும் எதிர்த்தரப்பாக இருந்தது. நாடு பிரிந்த புண் ஆறாத நேரம். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. சர்தார் பட்டேலின் பதில் மிகக் கடுமையாக இருந்தது. திருத்தம் தோற்றது. தனித்தொகுதி போனது மட்டுமன்று, சிறுபான்மைச் சமயத்தவருக்கான இட ஒதுக்கீடும் சேர்ந்தே போனது. அதே ஆண்டு செப்டம்பரில் மொழிச் சிக்கல் வந்தபோது, காந்தியடிகள் விரும்பிய இந்துஸ்தானியை இரு எழுத்திலும் ஏற்கலாம் என்று வாதாடினார்கள். பழமையும் வளமும்தான் அளவுகோல் என்றால் இந்த மண்ணின் திராவிட மொழிகளை, அவற்றுள் தமிழை, முன்வைக்க வேண்டும் என்பதையும் அந்தச் சபையில் பதிவு செய்தார்கள். அதுவும் நிறைவேறவில்லை.

இவ்வளவு தோல்விகளுக்குப் பிறகு ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிடலாம். இவர்களோ தாம் எதிர்த்த கூட்டுத் தொகுதி முறையில் கட்சியை நிறுத்தி வெல்வது எப்படி என்று யோசித்தார்கள். தாம் விரும்பாத விதியானாலும் சபை முடிவு செய்துவிட்டால் அதுவே விதி.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை. அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மக்களவைக்கு லீகின் ஒரே குரலாக அந்த நாட்களில் சென்றவர் போக்கர் சாகிப். 1952இல் மலப்புரம் தொகுதியிலும் 1957இல் மஞ்சேரியிலும் வென்றவர். இஸ்மாயில் சாகிபுக்கு மஞ்சேரி வந்தது அவருக்குப் பிறகு, 1962இல்.

மஞ்சேரி எங்கே இருக்கிறது? மலபாரின் ஏறநாட்டுப் பகுதியில், மலப்புரத்துக்கும் நிலம்பூருக்கும் இடையே. மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறைந்த நாடு. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சி நடந்த மண் அது. அந்த நவம்பரில் திரூரில் கைதிகளைச் சரக்குப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பியபோது, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்து பார்த்தால் மூச்சுத் திணறி இறந்தவர்கள் குவியலாகக் கிடந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர். அப்படி அடிபட்ட ஒரு சமுதாயம் நாற்பது ஆண்டுகளுக்குள் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்து, அரசியல் கட்சிகள் தன் வாசலுக்கு வரும்படி செய்தது. அதைச் செய்தவர்கள் கே.எம். சீதி சாகிப், அப்துர் ரஹ்மான் பாபக்கித் தங்ஙள், சி.எச். முஹம்மது கோயா போன்ற மலபார்த் தலைவர்கள். பாபக்கித் தங்ஙள் கோழிக்கோட்டு அரிசி வணிகர். சீதி சாகிப் வழக்கறிஞர். சி.எச். பத்திரிகைக்காரர், சந்திரிகா நாளேடு அவர் கையில் இருந்தது. இவர்களெல்லாம் தங்கள் அகில இந்தியத் தலைவராக ஏற்றது ஒரு தமிழரை.

1962 தேர்தல் நடந்த நேரம் மிகச் சோதனையானது. 1960இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துக் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், லீக் ஆகிய மூன்றும் சேர்ந்து வென்றன. வென்றபின் லீகுக்கு அமைச்சர் பதவி தர காங்கிரசுக்கு மனம் வரவில்லை. சபாநாயகர் பதவி மட்டும் சீதி சாகிபுக்குக் கிடைத்தது. 1961இல் அவர் வஃபாத்தானார். அடுத்து சி.எச். வர வேண்டுமானால் லீக் உறுப்பினர் பதவியைத் துறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். துறந்து பதவியேற்ற அவர், சில மாதங்களில் அந்தப் பதவியையும் உதறிவிட்டார். லீக் கூட்டணியை விட்டு வெளியே வந்தது. தோளில் ஏறி ஆற்றைக் கடந்தபின் தோள் கொடுத்தவனைக் கரையேற விடாத கதைதான். அடுத்த சில மாதங்களில் மக்களவைத் தேர்தல். காங்கிரசும் எதிரி, கம்யூனிஸ்டுகளும் எதிரி. லீக் தனியாக நின்றது.

மஞ்சேரியில் இஸ்மாயில் சாகிப், கோழிக்கோட்டில் சி.எச். தோற்றிருந்தால், துணையில்லாமல் இந்தக் கட்சிக்கு உயிரில்லை என்று எல்லாரும் எழுதியிருப்பார்கள். இருவருமே வென்றார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளரைவிட இஸ்மாயில் சாகிப் பெற்றது சில ஆயிரம் வாக்குகளே அதிகம், சி.எச். பெற்ற வித்தியாசம் அதைவிடக் குறைவு. இருந்தும், கூட்டுத் தொகுதியில், யார் தயவும் இல்லாமல், கட்சியின் பெயரிலேயே நின்று வென்ற இரண்டு இடங்கள். அறுபத்தைந்து வயதில் இஸ்மாயில் சாகிப் முதன்முறையாக மக்களவைக்குள் நுழைந்தார்கள்.

அந்தப் பிரச்சாரத்தைச் சுமந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். வேட்பாளர் மனு கொடுக்க வருவார், வென்றபின் நன்றி சொல்ல வருவார், நடுவில் பார்க்க முடியாது என்று மலபார் முதியவர்கள் செல்லமாகச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகையாகவே இருக்கலாம். ஆனால் சென்னையில் குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு நாடு முழுவதும் கட்சி வேலையாகச் சுற்றியவர், தொகுதியில் வீடு வீடாக ஏறியிருக்க முடியாது என்பது உண்மை. பச்சைக் கொடியைப் பிடித்து வயல் வரப்பில் நடந்தவர்கள் மாப்பிள்ளை இளைஞர்கள். ஏணிச் சின்னத்தை அவர்கள் கோணி என்பார்கள். மலையாளத்தில் கோணி என்றால் ஏணி. கோணிக்கு வாக்களியுங்கள் என்று முழங்கும்போது, துணைக்குப் போன நம் தமிழர்களுக்கு அரிசிச் சாக்கு நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை.

வேற்றுமொழிக்காரர், வேற்று மாநிலத்தார், தொகுதியில் அதிகம் தங்காதவர். இன்றைய தேர்தல் கணக்கில் இவை ஒவ்வொன்றும் ஒரு குறை. மஞ்சேரி மக்கள் அவற்றைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. டெல்லியில் தங்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் விலைபோகாதவராக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் பார்த்தது. சாலையும் பாலமும் கேட்க அவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அதே 1962இன் இறுதியில் சீனப் போர் வந்தது. லீகின் நாட்டுப் பற்றைச் சந்தேகித்தவர்களின் பார்வை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்கு அவர்கள் எழுதினார்கள் என்பது நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி.

1967இல் காட்சி தலைகீழானது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஏழு கட்சிகளின் கூட்டணி. அதில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் உண்டு, லீகும் உண்டு. ஐந்தாண்டுக்கு முன் மஞ்சேரியில் எதிர்த்து வாக்குக் கேட்ட செங்கொடிக்காரர்கள் இப்போது ஏணிக்கு வாக்குக் கேட்டார்கள். இஸ்மாயில் சாகிப் மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றார்கள். சட்டமன்றத்தில் லீகுக்கு 14 இடங்கள். சி.எச். கல்வி அமைச்சர், அஹ்மது குரிக்கள் பஞ்சாயத்து அமைச்சர். காங்கிரஸ் கொடுக்காததைக் கம்யூனிஸ்டுகள் கொடுத்தார்கள்! 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புரம் தனி மாவட்டமாயிற்று. குட்டிப் பாகிஸ்தான் என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. மாவட்டம் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு அறிஞர் அண்ணாவின் தி.மு.க. அமைத்த அணியில் லீக் இருந்தது. மூதறிஞர் ராஜாஜியும் அந்த அணியில்தான். இருபதாண்டு காங்கிரஸ் ஆட்சி முடிந்தது. ஒரு மாநிலத்தில் நம்பூதிரிபாட்டோடும், அடுத்த மாநிலத்தில் ராஜாஜியோடும் ஒரே தலைவர் உட்கார்ந்து தொகுதி பேசியதை நினைத்துப் பாருங்கள். கம்யூனிஸ்டுகளின் பெயரைக் கேட்டாலே ராஜாஜிக்கு ஆகாது.

1971இல் மீண்டும் ஒரு திருப்பம். கேரளத்தில் லீக் இப்போது இந்திரா காந்தியின் காங்கிரசோடும் வலது கம்யூனிஸ்டுகளோடும் ஒரே அணியில், எதிரில் மார்க்சிஸ்டுகள். தமிழ்நாட்டில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் லீகும் ஒருபுறம்; காமராசரும் ராஜாஜியும் மறுபுறம். மஞ்சேரி மூன்றாம் முறையாக இஸ்மாயில் சாகிபை அனுப்பியது. கோழிக்கோட்டில் இப்ராஹிம் சுலைமான் சேட், தமிழ்நாட்டின் பெரியகுளத்தில் எஸ்.எம். முஹம்மது ஷரீப், வங்காளத்தின் முர்ஷிதாபாதில் ஒருவர் என்று லீக் நான்கு இடங்களைப் பெற்றது. பெரியகுளத்து வெற்றியில் தமிழ் முஸ்லிம்களுக்குத் தனி மகிழ்ச்சி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இல்லாத தமிழ்த் தொகுதி ஒன்றில் லீகர் வென்றார் என்றால், அந்த வாக்குகளில் பெரும்பகுதி மாற்றுச் சமயச் சகோதரர்களுடையது. 1949இல் தனித்தொகுதி கேட்டு வாதாடியவரின் கண்முன்னாலேயே அது நடந்தது.

மூன்று தேர்தல், மூன்று கணக்கு: தனியாக, கம்யூனிஸ்டுகளோடு, காங்கிரசோடு. இதைச் சந்தர்ப்பவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறுபான்மைக் கட்சி ஒன்று ஒரே பெரிய கட்சியின் நிழலில் நிரந்தரமாக ஒதுங்கினால் 1960இல் நடந்ததுதான் திரும்பத் திரும்ப நடக்கும். ஒதுங்கித் தனியாகவே நின்றால் சில ஆயிரம் வாக்குகளில் ஒவ்வொரு முறையும் உயிர் ஊசலாடும். கூட்டாளி மாறலாம், கேட்பது மாறக்கூடாது. இந்தப் பத்தாண்டில் அவர்கள் கேட்டவை மாறவில்லை: தனியார் சட்டத்தில் தலையிடாதீர்கள், கல்வி நிலையங்களை நடத்த விடுங்கள், மொழியைத் திணிக்காதீர்கள், ஆட்சியில் உரிய பங்கு தாருங்கள். ஆனால் இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. தலைவர் பதவி ஆசை இல்லாதவராக இருந்தால்தான் அணி மாறும்போது மக்கள் நம்புவார்கள். இஸ்மாயில் சாகிப் இருபது ஆண்டுக்கு மேல் அவைகளில் இருந்தும் எந்த ஆட்சியிலும் அமைச்சராகவில்லை.

கல்வி பற்றி ஒரு வார்த்தை. சென்னை நியூ காலேஜ், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எல்லாம் அவர்கள் தலைமை வகித்த காலத்தில் எழுந்தவை. கட்டியவர்கள் வள்ளல்கள். இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்த வகுப்பறைகளில் படித்தவர்கள்.

மூன்றாம் வெற்றிக்குப் பிறகு ஓராண்டுதான். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி வந்தார். தொண்ணூறைத் தாண்டிய தந்தை பெரியார் தள்ளாத உடலோடு வந்தார். கேரளத்திலிருந்து ரயிலேறியும் பேருந்து பிடித்தும் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் நடந்தது.

மஞ்சேரி காலியாயிற்று. பதினைந்தாண்டாக இரண்டு பெரியவர்களை அனுப்பிப் பழகிய தொகுதிக்கு யாரை நிறுத்துவது என்று லீக் யோசித்து, கேரள அமைச்சரவையிலிருந்த சி.எச். முஹம்மது கோயாவையே அமைச்சர் பதவியை விட்டு விலகச் சொன்னது. 1973 இடைத்தேர்தலில் அவர் வென்று டெல்லிக்குப் போனார்.